நாடித் துடிப்பு எழுபத்திரண்டு

மணிக்கட்டைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிணம்!

மூன்றாம் எண் அறை. ஒரு கட்டில், ஒரு திரை, ஊசியும் மருந்தும் வைத்த ட்ரே, மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பரீட்சை அம்மாள். பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஆனால் இது வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த நர்ஸ்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் செய்முறைப் பரீட்சை. கட்டிலில் படுத்திருப்பவர் நிஜ நோயாளி இல்லை. நோயாளியாகப் படுத்துக் கிடக்கச் சம்பளம் வாங்கும் பழைய நாடக நடிகர். ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் இருப்பவர் என்பது இன்றைய வேஷம்.

கன்னத்தைத் தட்டினாள். ஜில்லென்று இருந்தது.

தாடையை அசைத்துப் பார்த்தாள். இறுகிப் போயிருந்தது...

"மேடம், இவர் இறந்துட்டார்."

பரீட்சை அம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நடுவுல நிறுத்தினா ஃபெயில். விதி தெரியுமில்ல? ஊசியைப் போடு."

தெரியும். நன்றாகவே தெரியும். சொந்த நாட்டில் ஐந்து வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓடி ஓடி உழைத்தவள், இங்கே இரண்டு வருஷமாக முதியோர் இல்லத்தில் பெட்பேன் கழுவிக் கொண்டிருக்கிறாள். இது மூன்றாவது தடவை. மூன்றோடு சரி. தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அவள் புருஷன், ஆறு வயது மகளிடம் அம்மா இந்த வருஷம் நம்மைக் கூப்பிட்டுக் கொள்வாள் என்று சொல்லி வைத்திருக்கிறான்.

பேசாமல் ஊசியைப் போட்டுவிட்டு, நாடித் துடிப்பு எழுபத்திரண்டு என்று எழுதிவிட்டு நடையைக் கட்டலாம்.

சீ! என்ன நினைப்பு இது!

சுவரில் இருந்த அபாய மணியை ஓங்கி அழுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் இருபது நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். கூடவே போலீஸ் டாக்டர். பின்னாலேயே லைசென்ஸ் போர்டின் அதிகாரி, டையைச் சரி செய்தபடி.

பரீட்சை அம்மாள் கண்ணைத் துடைத்துக் கொண்டு ஆரம்பித்தாள்.

"இந்தப் பொண்ணுதான் சார். கையில கட்டியிருக்கிற ரப்பர் பட்டையிலதான் ஊசி போடணும். இது மனுஷன் கையிலயே குத்திடுச்சு. அடுத்த நிமிஷமே ஆள் போயிட்டார்."

டாக்டர் இறந்தவரின் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார்.

ஊசி குத்திய தடம்... இருந்தது!

அவள் கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். லைசென்ஸ் போகட்டும். இப்போது ஜெயிலே வாசலில் வந்து நிற்கிறது! வெளிநாட்டில் படித்தவர்களை உள்ளே விட்டாலே இப்படித்தான் என்று அதிகாரி முணுமுணுத்தது வேறு காதில் விழுந்தது.

"சார், தாடை இறுகியிருக்கு. செத்து ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கணும். நான் வந்தே அரை மணிதான் ஆகுது."

அதிகாரி குறுக்கே பாய்ந்தார். "லைசென்ஸ் இல்லாதவங்க சொல்றதை மருத்துவக் கருத்தா எடுத்துக்க முடியாது."

"பொணத்தைப் பொணம்னு சொல்லவும் லைசென்ஸ் வேணுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டரும் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். காலையில் எட்டு மணிக்குப் பரீட்சை ஆரம்பம். ஒன்பதரைக்குக் காபி இடைவேளை. சாவு அந்த வாக்கில்தான் நடந்திருக்கிறது. ஆனால் இடைவேளைக்குப் பிறகு இவளுக்கு முன்னால் நாலு பேர் உள்ளே வந்து பரீட்சை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நாலு பேரையும் வரவழைத்தார்கள். நாலு பேப்பரையும் புரட்டினார்கள்.

நாடித் துடிப்பு எழுபத்திரண்டு. நோயாளி நிம்மதியாக உறங்குகிறார்.

நாலிலும்!

தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். நாலாவது ஆள் மட்டும் வாயைத் திறந்தான். யாராக இருந்தாலும் எழுபத்திரண்டு போடச் சொல்லித்தான் கோச்சிங் சென்டரில் சொல்லிக் கொடுத்தார்களாம். சென்டரை நடத்துவது யார் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மேடத்தோட தம்பி."

நாளைக்கு இதுகள்தான் யாரோ பெற்ற தாயின் கட்டிலருகே யூனிஃபார்ம் போட்டுக் கொண்டு நிற்கப் போகின்றன. அவளுக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. போன தடவை ஃபெயிலாகி வராந்தாவில் அழுது கொண்டு நின்றபோது அந்த நடிகர் வந்து பேசியது ஞாபகம் வந்தது. அதை அப்படியே சொன்னாள். நீதான் நிஜமாகத் தொட்டுப் பார்த்தாய், உன்னைத் தள்ளிவிட்டு என்னைத் தொடாதவர்களையெல்லாம் பாஸ் போடுகிறார்கள், போர்டுக்கு எழுதப் போகிறேன் என்றாராம்.

"கடிதம் வந்துச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "போன வாரம் வந்துச்சு. விளக்கம் கேட்டு மேடத்துக்கே அனுப்பி வெச்சேன். அதுதான் சார் நடைமுறை."

"ரொம்ப நல்ல நடைமுறை."

பரீட்சை அம்மாள் அசரவில்லை. "நான் கண்ணால பார்த்தேன். நேரத்தோட எழுதி வெச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்று இவளுடைய மதிப்பெண் தாளை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார். 11.49, ஊசி தவறாகப் போட்டாள். 11.50, நோயாளிக்கு மூச்சு நின்றது. மதிப்பெண் பூஜ்யம். கீழே கையெழுத்து.

தாளை மடித்துக் கொண்டு ட்ரேயைப் பார்த்தார்.

ஊசியின் உறை பிரிக்கப்படவே இல்லை!

"மணி அடிச்சது 11.47-னு வாசல் காவலாளி நோட்டுல எழுதியிருக்கான். அப்போ அறைக்கு ஓடி வந்தவன் இவங்க ரெண்டு பேரையும் விட்டு நகரவே இல்லை. பரீட்சை எழுத ஆள் வர்றதுக்கு முன்னாடியே மார்க்கைப் போட்டு வெச்சுடுவீங்களா மேடம்? நல்ல பழக்கம்தான். ஆனா கொலைக்கும் அதையே செஞ்சா எப்படி?"

அந்த அம்மாள் முகம் வெளுத்தது. அப்புறம் எல்லாம் தானாக வந்து விழுந்தது. காபியில் தூக்க மாத்திரை. கண் சொருகியதும் கையில் விஷ ஊசி. இடைவேளைக்குப் பிறகு வருகிற நாலும் தம்பியின் மாணவர்கள், தொட மாட்டார்கள். கடைசியில் வருகிற இவள், எப்படியும் ஃபெயிலாக வேண்டியவள், பழியைச் சுமப்பாள்.

விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள்.

அவள் அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். தன் பரீட்சை என்ன ஆகும் என்று கேட்டாள்.

"நடுவுல நிறுத்தினது நீங்க. விதிப்படி ஃபெயில். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"அந்த நாலு பேர்?"

"முழுசா முடிச்சிருக்காங்க. கைதாகறதுக்கு முன்னாடி போட்ட கையெழுத்து செல்லும். பாஸ்."

"பொணத்தை நிம்மதியா தூங்குதுன்னு எழுதினவங்க பாஸ். நான் ஃபெயில். உங்க லைசென்ஸைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வருது சார்."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக் கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

இன்ஸ்பெக்டர் அவள் போன திசையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

"யோவ், அந்தம்மா விலாசத்தை வாங்கி வெச்சுக்கோ. எனக்கு நெஞ்சு வலி வந்தா வண்டியை அங்க விடு... இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, செத்த அப்புறமும் எனக்கு நாடி எழுபத்திரண்டுன்னு எழுதி டிஸ்சார்ஜ் பண்ணிடுவானுங்க!"