ஆயுள் உள்ளவரை

பின்னறைத் தாழ்ப்பாள் உள்பக்கமாகப் போட்டிருக்கிறது என்று மகள் போனில் சொன்னபோது வக்கீல் சிரிக்கத்தான் செய்தார்.

"மரக்கதவும்மா. மழைக்கு ஊதியிருக்கும். ஓங்கி ஒரு தள்ளு தள்ளு."

"தள்ளிப் பாத்துட்டேம்ப்பா. உள்ள யாரோ இருமுறாங்க."

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னலும் கிடையாது. மகள் குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிபோய் நாலு நாள்தான் ஆகிறது. மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் அவளும் மூன்று மாதக் கைக்குழந்தையும் மட்டும். "குழந்தையைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நில்லு, இதோ வர்றேன்" என்றார். எழுந்தவர் உடனே கிளம்பவில்லை. அலமாரியைத் திறந்து அந்த வீட்டுப் பத்திரக் கோப்பை எடுத்தார். ஏன் எடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

முப்பது வருஷமாகச் சொத்துப் பத்திரம் பார்ப்பதுதான் பிழைப்பு. அவர் வில்லங்கம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஊரே கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். அடுத்தவர் வீடென்றால், செத்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்டு உயிரை எடுப்பார். சொந்த மகள் வீட்டுக்குத்தான் அவசரப்பட்டுவிட்டார்.

மூலப்பத்திரம் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு ஒரு அண்ணன் எழுதிவைத்தது. 'நாற்பத்திரண்டு வயதுள்ள என் தங்கை, தன் ஆயுள் உள்ளவரை பின்னறையில் வசித்துக்கொள்ள வேண்டியது. வீட்டை அனுபவிப்பவர்கள் அவளுக்குத் துணையாக ஒரு ஆளை வைக்க வேண்டியது.' கீழே அவளுடைய பெருவிரல் ரேகை, ஊதா மையில். அவள் செத்ததற்குச் சான்றிதழ் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நூற்று முப்பத்திரண்டு வயதில் யார் இருக்கப்போகிறார்கள்? காலமாகிவிட்டார் என்று அவரே எழுதி, கோப்பை மூடிவிட்டார்.

இப்போது ரேகையைத் தொட்டுப் பார்த்தார்.

விரலில் மை ஒட்டியது.

அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மகள் இல்லை. நடுப்பகல் வெயில் கூடம் வரை அடித்தும் வீடு குளிர்ந்து கிடந்தது. பிரிக்காத அட்டைப்பெட்டிகளையும் சுருட்டிவைத்த மெத்தையையும் தாண்டி, பல வருஷம் பெட்டிக்குள் கிடந்த துணியின் புழுங்கல் வாடை மூக்கைப் பிடித்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது, அவர் மூச்சு அவருக்கே கேட்டது. பாயில் குழந்தை விழித்துக் கிடந்தது. அழவில்லை. பின்னறையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கதவுக்கு வெளியே மகளின் செருப்பு. கதவு சாத்தியிருந்தது.

"அம்மாடி."

"இங்கதாம்ப்பா இருக்கேன்." நிதானமான குரல். "அவங்களே திறந்து கூப்பிட்டாங்க."

"யாரும்மா?"

"பாவம்ப்பா, ரொம்ப வயசானவங்க. தனியாவே கிடக்காங்க. துணைக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

தோளால் இடித்தார். கதவு அசையவில்லை. மறுபடி இடித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீதிமன்றத்தில் ஒருநாளும் கும்பிடாத கை கும்பிட்டது.

"அம்மா, நான்தான் தப்பா எழுதினேன். அவ பச்சப்புள்ளக்காரி. அவள விட்டுடுங்க. துணைக்கு நான் இருக்கேன். சத்தியமா இருக்கேன்."

உள்ளே இருமல். பிறகு கிசுகிசுப்பு. நெடுநேரம்.

"அப்பா," என்றாள் மகள். "உயிரோட இருக்கிறவள செத்துட்டான்னு எழுதின ஆளு. அவரு பேச்ச எப்படி நம்புறதுன்னு கேக்குறாங்க."

குனிந்து கதவின் அடி இடுக்கில் பார்த்தார்.

இரண்டு கைகள். விரலோடு விரல் கோத்திருந்தன. ஒன்று, காய்ந்த சுள்ளி. இன்னொன்றில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. மகளுக்கு எட்டு வயதில் அவரே மருந்து போட்டது. இரண்டு பெருவிரலிலும் ஊதா மை. ஈரமாக.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தழும்பிருந்த கையின் தோல் மெல்லச் சுருங்கத் தொடங்கியது.