மூன்று நிமிடக் கணவன்

காலைக் கஞ்சி ஆறுவதற்குள் பிலோமினா தன் கணவனைப் பார்த்து முடித்துவிடுவாள். மூன்று நிமிடம் போதும்.

செவ்வாயின் தென்பள்ளத்தாக்குக் குடியிருப்பில் இது யாருக்கும் விசித்திரமாகப் படாது. அங்கே எல்லோருடைய திரையிலும் ‘தாவி’ இருந்தது. படக்கடிதம் எவ்வளவு நீளமானாலும், அது எந்த நொடியில் ஓடுகிறது என்று காட்டும் ஓட்டப்புள்ளியைத் தாவி தானே பிடித்து நகர்த்தும். இருமல், இழுவை, மௌனம், சொன்னதையே சொல்வது எல்லாவற்றையும் தாண்டிப்போய்ப் பேச்சு உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தும். நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைப்படி நடக்கும். பிலோமினா நீர்ச்சுத்தி நிலையத்தில் வால்வுகளுக்குக் கட்டளை எழுதுபவள். தன் தாவிக்கும் கறாராக எழுதியிருந்தாள்: குரல் இல்லாத இடத்தில் நிற்காதே.

அவள் கணவன் அருள்சூசை, சனிக்கோளின் டைட்டன் நிலவில் மீத்தேன் கடலில் படகு ஓட்டினான். கல்யாணமான ஆறாவது வாரம் போனவன். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் ஐம்பது நிமிடக் கடிதம் அனுப்பினான். தாவி வடிகட்டிக் கொடுப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்: “நல்லா இருக்கேன் பிலோ. சாப்பாடு பரவால்ல. ஒனக்கு ஒடம்பு எப்படி இருக்கு? சரி, வச்சிரட்டா?” அவளோ பதிலுக்கு நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசி அனுப்புவாள்.

டைட்டனுக்குக் குடும்பக் கப்பல் ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான் புறப்படும். சம்மதப் படிவத்துக்கு அன்று நண்பகலோடு கெடு முடிய இருந்தது.

“என்னக்கா முடிவு பண்ணீங்க?” என்று கேட்டாள் அடுத்த மேசை நஃபீசா.

“வேண்டாம்னு போட்டுட்டேன். அனுப்பறதுதான் பாக்கி. மூணு நிமிஷத்துக்கு மேல எங்கிட்ட பேச ஒண்ணுமில்லாத மனுஷன்கிட்ட போய் நான் என்ன செய்ய?”

“இந்த வாரக் கடிதத்தையாவது பாத்துட்டு அனுப்புங்க.”

மூன்று நிமிடத்துக்குக்கூட அன்று பிலோமினாவுக்குப் பொறுமையில்லை. விடைபெறுவதை மட்டும் கேட்டால் போதும் என்று, பழைய கட்டளையை எடுத்துவிட்டு, முடிவிலிருந்து நாற்பது பின்னே போ என்று புதுக் கட்டளை ஒன்றைத் தட்டினாள். வால்வுகள் எல்லாவற்றையும் நொடியில் எண்ணும். தாவி நிமிடத்தில் எண்ணும். அவசரத்தில் அது அவளுக்கு மறந்துவிட்டது.

ஓட்டப்புள்ளி பத்தாவது நிமிடத்தில் போய் நின்றது.

திரை முழுக்க ஆரஞ்சு நிற ஜன்னல். ஓரத்தில் அருள்சூசையின் தோள். சத்தமில்லை, அசைவில்லை. படம் உறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தப் போனாள். அப்போதுதான் ஒரு துளி நகர்ந்தது.

மழை. டைட்டனில் எடை குறைவு, காற்று கனம். மீத்தேன் மழை அங்கே பொழிவதில்லை, இறங்குகிறது. இலந்தைப்பழ அளவுத் துளிகள் மாடிப்படி இறங்குகிறவர்களைப் போல நிதானமாக வந்தன. ஒரே இடத்தில் மழை பார்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டுமாம். அருள்சூசை ஒரு விரலை நீட்டி ஒரு துளியைக் காட்டினான். அது கடலைத் தொடும்வரை விரலும் கூடவே இறங்கியது. பிறகு திரும்பி, பார்த்தாயா என்பதுபோல் அவளை நோக்கிச் சிரித்தான். கேமராவை அவன் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தான்.

பிலோமினா தாவியை அணைத்தாள். பழைய கடிதங்களைத் திறந்தாள். ஒன்றில் படகின் மேல்தளத்தில் அவனும், பக்கத்தில் கேமராவாக அவளும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றில் அவன் கஞ்சி குடித்தான். வேறொன்றில் வேலைக் களைப்பில் அப்படியே சாய்ந்து, அவள் பக்கமாகத் தலை சரியத் தூங்கிப்போனான்.

“அக்கா, பன்னெண்டு ஆகப்போகுது,” என்றாள் நஃபீசா. “ஏன் அழறீங்க?”

பிலோமினா படிவத்தில் ‘வேண்டாம்’ என்பதை அழித்து ‘சம்மதம்’ என்று மாற்றி அனுப்பினாள். பிறகு அருள்சூசைக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

அங்கே போய்த் திரும்ப ஒளிக்கே இரண்டரை மணி நேரம் ஆகும். வந்த பதிலில் அவன் வழக்கத்தைவிட அதிகம் பேசினான்.

“நீ வர்றது எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல பிலோ. ஆனா நானும் ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காத. எங்கிட்டயும் தாவி இருக்கு. நீ பேசுறத எழுத்தா மாத்தி வேலை நேரத்துல படிச்சிருவேன். ராத்திரி ஒன்னப் பாக்கும்போது பேச்ச எல்லாம் தாண்டச் சொல்லி வச்சிருக்கேன். யோசிக்கிறப்போ ஒரு பக்கமா மோட்டுவளையப் பாப்பியே, டீயை ஊதுவியே, அது மட்டுந்தான் எனக்கு வேணும். நாப்பது நிமிஷத்துல ஆறு நிமிஷம் தேறும்.”

தன் பேச்சையெல்லாம் ஒரு மனிதன் ஓட்டித் தள்ளியிருக்கிறான் என்று முதலில் அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது. நஃபீசா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

இனி இருவரும் தாவி இல்லாமல் முழுதாகப் பார்ப்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று. கப்பல் ஏறப் பதினோரு வாரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு பிலோமினா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். ஜன்னல், தோள், அலையடிக்காத கடல். மனம் நிறைந்திருந்தது. நான்காவது நிமிடத்தில் அவள் விரல் தானாக எழுந்து, இன்னும் எவ்வளவு பாக்கி என்று திரையின் அடியைத் தொட்டுப் பார்த்தது. நாற்பத்தாறு.

கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, தொடர்ந்து பார்த்தாள்.