ஹொனோரா திருடிய ஆடு

வெண்ணெயில்தான் முதலில் அந்த வாடை தெரிந்தது. மூன்று நாளாகக் காலைச் சாப்பாட்டு மேசையில் டீலியா கொண்டுவந்து வைக்கும் மஞ்சள் வெண்ணெயைக் கத்தியால் தொட்டதுமே, ஈரக் கம்பளியும் பச்சைக் கொழுப்பும் கசங்கிய புல்லும் கலந்த ஒரு வீச்சம் எழுந்து, வெர்னாவின் தொண்டைக்குள் இறங்கி, அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. முதல் நாள் பயணக் களைப்பு என்று நினைத்தாள். மறுநாள் வெண்ணெய்மேல் பழி போட்டாள். இன்று ரொட்டியிலும் தேநீரிலும், ஏன், தன் உள்ளங்கையிலும்கூட அது அடித்தது.

டாஸ்மேனியாவில் ஹூவான் ஆற்றங்கரையில் இறைச்சிக் கடை நடத்துகிறவள் அவள். பன்னிரண்டு வயதிலிருந்து ஆட்டுக் குடலை அலசிய கை. அறுபத்தொரு வயதுவரை எந்த நாற்றத்துக்கும் மூக்கைப் பொத்தியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு துளி வெண்ணெய்க்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, ஆஸ்திரேலியாவுல வெண்ணெயே கெடையாதா?" என்றாள் விடுதிக்காரி டீலியா. "மூணு நாளா வச்சத வச்சபடி எடுத்துட்டுப் போறேன். ஊர்ல என் சமையலப் பத்தி என்ன பேசுவாங்க?"

"டாஸ்மேனியா," என்று திருத்தினாள் வெர்னா. "உங்க சமையல்ல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் வயிறு சரியில்ல."

அவள் அயர்லாந்துக்கு வந்தது சாப்பிட அல்ல. ஆறு பெயர்களைத் தேடி. ஐந்து தலைமுறைக்கு முன்னால், உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் மூன்றாவது வருஷம், இதே மேயோ மாவட்ட மலைச்சரிவில் பத்தொன்பது வயது ஹொனோரா கில்பேன் ஒரு ஆட்டைத் திருடிப் பிடிபட்டு, கைதிக் கப்பலில் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டுக்கு அனுப்பப்பட்டாள். கப்பல் கைதியின் வம்சம் என்றால் ஒருகாலத்தில் டாஸ்மேனியாவில் மூடி மறைப்பார்கள். இப்போதோ மார்தட்டிக்கொள்கிறார்கள். வெர்னாவின் கடைப் பலகையிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது: 'ஒரு ஆட்டைத் திருடி ஆறு உயிரைக் காத்தவளின் வம்சம்.' உண்மையில் சிறைப் பதிவேட்டில் இருந்தது ஒரே வரிதான்: சொந்த ஊரில் தாய், தம்பி தங்கைகள் ஆறு பேர். அவர்களைக் காப்பாற்றிய கதையைக் குடும்பம் பிற்பாடு சேர்த்துக்கொண்டது. அடுத்த மாதம் வம்சம் மொத்தமும் ஒன்றுகூடும்போது அந்த ஆறு பெயரையும் பொறித்த கல்லை வெர்னா திறந்துவைக்க வேண்டும்.

பெயர்கள் நேற்றுத் தேவாலயப் பதிவில் கிடைத்துவிட்டன. ஓவன், சபைனா, ஆன்டனி, நெல், மைக்கேல், கைக்குழந்தை கேட். ஆவணக் காப்பகத்தில் வாங்கிய வழக்குத்தாளின் நகலும் பையில் இருந்தது, இன்னும் படிக்கவில்லை. வீட்டைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசை.

கிளம்பும்போது டீலியா ஓட்ஸ் ரொட்டித் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அவள் கோட்டுப் பையில் திணித்தாள். "இத முழுசா தின்னுடாதீங்க, ஒரு கடியாவது மிச்சம் இருக்கணும். அந்தச் சரிவுல பசிப்புல்லு இருக்கு."

"பசிப்புல்லா?"

"பஞ்சத்துல ஆளு விழுந்து செத்த எடத்துல மொளைக்கிறது. மிதிச்சாப் போதும், குடலைப் புடுங்குற பசி வரும். ஒரு கடி ரொட்டிய வாயில போட்டா விட்டுடும். சிரிக்காதீங்கம்மா. எங்கப்பா டாக்டரு, அவரே பையில ரொட்டி இல்லாம மலையேற மாட்டாரு."

பாதி வழியில், கோட்டுப் பையிலிருந்து அந்த வீச்சம் மூக்கில் ஏறியதில், வெர்னா ரொட்டியைக் காகிதத்தோடு உருவி ஓடைக்குள் வீசிவிட்டாள்.

மலைச்சரிவின் வேலிக்கதவருகே நிலத்துக்காரன் மார்ட்டி நாயோடு காத்திருந்தான். கதவைத் திறந்துவிட்டான், தாண்டவில்லை. நாயும் தாண்டவில்லை.

"அதோ, அந்தக் கல்லுச் சுவருதான் கில்பேன் வீடு," என்றான். "ஊரு கண்ணுல படாம சாகணும்னு உள்ளேருந்தே வாசல அடைச்சுக்கிட்டாங்களாம். காய்ச்சலுக்குப் பயந்து யாரும் எடுத்துப் பொதைக்கல. கூரையத் தள்ளி மூடிட்டுப் போயிட்டாங்க."

"இல்லையே. அவங்க பொழைச்சாங்க. ஹொனோராதான் ஆட்டக் கொண்டாந்து குடுத்தாளே."

மார்ட்டி தன் பூட்ஸைப் பார்த்தான். "அப்படியா? நல்லது. டீலியா ரொட்டி குடுத்தாளா?"

"பையில இருக்கு," என்றாள் வெர்னா. அன்பாகக் கொடுத்ததை ஓடையில் எறிந்தேன் என்று எந்த விருந்தாளிதான் சொல்வாள்?

நடுப்பகல்தான், ஆனாலும் மலைமேல் ஈரத்துணியாக மேகம் இறங்கியிருந்தது, சேற்றில் அவள் கால் புதைந்து எழும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை, வழியெங்கும் மார்ட்டியின் ஆடுகள் புல்லை ஒட்ட மேய்ந்து வைத்திருந்தன. அந்த வீட்டைச் சுற்றி மட்டும் புல் முழங்கால் உயரம் நின்றது. கொழுத்த, பளபளக்கும் பச்சை. ஒரு ஆடும் அதில் வாய் வைக்கவில்லை.

சுவர்கள் மார்பளவுதான் மிஞ்சியிருந்தன. எட்டிப் பார்த்தாள், உள்ளே இடிபாடும் செந்தட்டிச் செடியும்தான். வாசல் மட்டும் கல் அடுக்கி இறுக்கமாக அடைபட்டிருந்தது. அதைத் தடவினாள். அப்பாவோடு தோட்டத்துக் கல்வேலி கட்டியவள் அவள். கல் ஆடாமலிருக்க இடுக்கில் அடிக்கும் சில்லுகளை, கட்டுகிறவன் தான் நிற்கும் பக்கமிருந்துதான் அடிப்பான். இங்கே அத்தனை சில்லுகளும் வெளியிலிருந்து அடிக்கப்பட்டிருந்தன.

புல்லுக்குள் நின்றபடியே வழக்குத்தாளைப் பிரித்தாள். ஆட்டுக்காவலனின் வாக்குமூலம். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, விரல் வைத்துப் படித்தாள்.

'கைதியை அவள் தாய் வீட்டு வாசலில் கண்டேன். ஆட்டைப் பச்சையாகப் பாதி தின்றிருந்தாள். பல்லிடுக்கில் கம்பளி. வாசலை வெளியிலிருந்து கல்லால் அடைத்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் அவள் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் ஒரு காலைக் கல்மேல் ஊன்றியிருந்தாள். ஏன் என்றதற்கு, திறந்தால் எல்லோரும் தின்பார்கள் என்றாள். காய்ச்சல் பயத்தால் நானும் திறக்கவில்லை.'

வெர்னாவுக்கு உடம்பு கூசியது. கடைப் பலகை நினைவுக்கு வந்தது. வருஷாவருஷம் ஹொனோரா பெயரில் தட்டுத் தட்டாக விற்ற ஆட்டிறைச்சிப் பணியாரங்கள், அவற்றைக் கடித்துக்கொண்டு சிரித்த மாமன் மச்சான்கள், தன் கொழுத்த விரல்கள். எல்லாம் அருவருப்பாக இருந்தது. அந்த வாய் தின்று பிழைத்ததால்தான் தங்கள் வம்சமே வந்தது. கோட்டுக் கையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பிசுபிசுத்தது.

அப்போதுதான் பசித்தது.

மூன்று நாள் பட்டினியின் பசி இல்லை இது. அடிவயிற்றை உள்ளிருந்து யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். வாசல் கல்லைப் பிடித்துச் சாய்ந்துகொண்டாள். அந்த வீச்சம் இப்போது குமட்டவில்லை. வாயில் நீர் ஊறியது. அதுதான் அவளை நடுங்கவைத்தது.

"என்னாச்சும்மா?" வேலிக்கதவிலிருந்து மார்ட்டி கத்தினான். "ரொட்டிய வாயில போடுங்க! ஒரு கடி போதும்!"

பையைத் துழாவினாள். தையல் மடிப்பில், உடைந்து விழுந்த ஒரு சிறு துணுக்கு. நகத்தளவு. எடுத்தாள்.

கல்லுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

உள்ளே யாருமில்லை. எட்டிப் பார்த்தாளே. செந்தட்டிச் செடிதானே.

காலடியில், சில்லு உதிர்ந்த இடுக்கு வழியே, ஒரு விரல் வந்தது. சின்ன விரல். நகமெல்லாம் பச்சை. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. அவசரப்படவில்லை. அழவில்லை. முழுக் கையும் வந்து, உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பி, காத்திருந்தது.

ஓவன். சபைனா. ஆன்டனி. நெல். மைக்கேல். கேட்.

அவர்களுக்காகத்தான் வந்தாள். பாதி உலகம் சுற்றி வந்தாள். குனிந்து, அந்தக் கையில் துணுக்கை வைத்தால் போதும். குனியவும் செய்தாள்.

அவள் கை அவள் வாய்க்கே போனது.

மென்றாள். ரொட்டி இல்லை அது. வழவழவென்று பச்சைக் கொழுப்பு. பல்லிடுக்கில் கம்பளி சிக்கியது. துப்ப நினைத்தாள். விழுங்கினாள். பசி விடவில்லை. புல்லைக் கொத்தாகப் பிடுங்கித் திணித்தாள். சேறோடு. வேரோடு.

"அம்மா! அங்கேருந்து வந்துடுங்க!"

மார்ட்டியின் குரல் நன்றாகக் கேட்டது. போக முடியாது. போனால் அவர்கள் திறந்துவிடுவார்கள். எல்லோரும் தின்பார்கள். அவளுடைய வலது கால் தானாக எழுந்து, கல்லின்மேல் அழுந்த ஊன்றிக்கொண்டது.

இடுக்கிலிருந்து பச்சை நகமுள்ள சின்ன விரல்கள் இரண்டு மெல்ல மேலேறி, அவள் காலணியின் கயிற்றை நிதானமாக அவிழ்க்கத் தொடங்கின. வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள்.