வேலிக்கு அந்தப் பக்கத் தட்டு

அவள் இன்னும் தட்டைக் கையில் எடுக்கவே இல்லை. அதற்குள் நாய் எழுந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதுவும் வீட்டைப் பார்த்து அல்ல. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், பொழுது சாயும்போது எல்லா இடத்துக்கும் முன்னால் இருட்டிவிடும் புதர்க்காட்டைப் பார்த்து.

"டேய் துரை, அங்க என்ன உன் மாமியாரா நிக்கிறாங்க?" என்றாள்.

துரை திரும்பவில்லை. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்தப் பண்ணை வீட்டில் எல்லோருக்கும் ஒரே மணிதான். பொழுது சாய்ந்ததும் அவள் பின்வாசல் படியில் நின்று, விளிம்பு நசுங்கிய பழைய அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். நிதானமாக இரண்டு, அவசரமாக ஒன்று. கடைசி அடி நசுங்கிய இடத்தில் படும், அது மட்டும் தொண்டை கட்டிய குரலில் ஒலிக்கும். உடனே துரை முன்னால் வந்து உட்காரும். மகாராணி என்கிற பூனை நமக்கு ஏதோ உபகாரம் செய்வதுபோல மெல்ல வரும், கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு வரும், வேலியோரத்தில் ஒரு கீரியும் நாலைந்து முயல்களும் எட்டிப் பார்க்கும். அவற்றுக்கும் ஒரு கை எறிவாள். யாருக்கு எந்த இடம் என்பதில் சண்டையே கிடையாது. நாய்க்கும் கோழிகளுக்கும் நடுவில் ஒரு குட்டி முக்காலி இருக்கும். அது மகளுடையது.

மகளுக்குச் சாப்பாடு என்றாலே எட்டிக்காய். கெஞ்சலுக்கும் மிரட்டலுக்கும் மசியாத அந்தப் பொடிசு, நாயும் கோழியும் தின்பதைப் பார்த்தால் மட்டும் தானாக வாயைத் திறக்கும். கிடைத்த வழியை விடுவாளா? தட்டுச் சத்தம் கேட்டால் ஓடிவரும்படி மகளையும் பழக்கிவிட்டாள். மின்கம்பம் ஏறுவதே பிழைப்பாக இருந்த கணவன், "நாய், கோழி, பொண்ணு, எல்லாத்துக்கும் ஒரே பெல்லு" என்று கிண்டல் செய்வான். எல்லோருக்கும் போட்டு முடித்து, மகள் வைத்த மிச்சத்தை நின்றபடியே வழித்து வாயில் போட்டுக்கொண்டால் அவளுடைய சாப்பாடும் முடிந்தது. கடைசியாக எப்போது பசித்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அன்று தட்டைத் தட்டியபோது துரை மெதுவாக வந்து, வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அதன் மூஞ்சி ஈரமாக இருந்தது. குனிந்தவளுக்கு ஒரு வாசனை அடித்தது. அப்போதுதான் வடித்த சோற்றின் ஆவி வாசனை. அதற்கு அடியில், மழையில் நனைந்து மூட்டையிலேயே கிடந்து புளித்த தவிட்டின் வாடை.

மறுநாள் மகாராணி வரவில்லை. கோழிகள் வந்தன, ஆனால் நடந்து வந்தன. ஒன்றைப் பிடித்துக் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தடவிப் பார்த்தாள். பை புடைத்து, கல்லாக இருந்தது. அவள் காலையிலிருந்து ஒரு மணி தானியம்கூடப் போடவில்லை.

"காட்டுக்குள்ள யாரோ இதுங்களுக்குச் சோறு வெக்கிறாங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

"துரைக்குச் சின்ன வீடு அமைஞ்சிருச்சு போல. விடு, நமக்கு ஒரு வேளைச் செலவு மிச்சம்."

"விளையாடாதீங்க. வேலிப் பக்கம் கீரியக் காணோம், முயலக் காணோம். ஒரு பூச்சிகூடக் கத்தல."

அவன் காது கொடுத்துக் கேட்டான். உண்மைதான். சில்வண்டுச் சத்தம் இல்லை. அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் காற்றில் எங்கோ கம்பி அறுந்துவிட்டதாக அழைப்பு வர, பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவள் அடுக்களையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது, குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம், கூடத்தில் மகள் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்து, தூரத்திலிருந்து, அது கேட்டது.

டங். டங். டடங்.

கடைசி அடியில் தொண்டை கட்டியிருந்தது.

குழாயை மூடினாள். கையில் பிடித்திருந்த தட்டைப் பார்த்தாள். நசுங்கிய விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வெளியே கோழிகள் வேலிக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைந்து போய்க்கொண்டிருந்தன. துரை முன்னாலேயே போயிருந்தது. பெயர் சொல்லிக் கத்தினாள். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு எதுவும் வீடு திரும்பவில்லை. விடிந்ததும் படியருகே பார்த்தால் குட்டி முக்காலியையும் காணவில்லை. துரை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். துரை எதற்கு முக்காலியை இழுக்க வேண்டும்?

மத்தியானம் மகள் அவளுடைய புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, பசிக்குது."

பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. அவளுக்கு ஒரு நிமிடம் மற்றதெல்லாம் மறந்து மனம் குளிர்ந்துவிட்டது. வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஊட்டப் போனாள். மகள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"இது வேணாம். அந்த அம்மா சோறு."

"எந்த அம்மாடி?"

மகள் சன்னலைக் காட்டினாள்.

கணவனுக்குப் போன் போட்டு அழுதாள். "நீங்க இப்பவே வாங்க. எனக்குப் பயமா இருக்கு. பாப்பாவத் தூக்கிட்டு எங்கயாவது போயிடலாம்."

"அழாத. வண்டியில ஏறிட்டேன். இருட்டுறதுக்குள்ள வந்துருவேன். கதவப் பூட்டிக்கிட்டு உள்ளயே இரு."

பின்கதவைத் தாழிட்டாள். சன்னல்களைச் சாத்தினாள். அவன் இதோ வந்துவிடுவான் என்று முன்கதவை மட்டும் சும்மா சாத்தி வைத்தாள். மகளைக் கூடத்தில் பொம்மைகளோடு உட்காரவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் குறைந்தது. வண்டிச் சத்தம் வரவில்லை.

டங். டங். டடங்.

முன்பைவிடப் பக்கத்தில். வேலியை ஒட்டி.

மகள் விருட்டென்று எழுந்தாள். அவள் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மகள் திமிறினாள், கையைக் கடித்தாள். பற்கள் பதிந்தன. அந்த வலியில்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. என் தட்டு. என் சத்தம். என் பிள்ளை. நான் பழக்கிய பழக்கம்தானே? நான் தட்டினால் என்னிடம்தான் வரவேண்டும்.

அடுக்களைக்கு ஓடினாள். தட்டை எடுத்தாள். பின்கதவைத் திறந்து படியில் நின்று, காட்டைப் பார்த்து, கை வலிக்கத் தட்டினாள். டங். டங். டடங். டங். டங். டடங்.

அங்கே சத்தம் நின்றது.

அவள் மூச்சு வாங்க நின்றாள். ஒன்றும் இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. சிரிப்புகூட வந்தது.

"பாப்பா, வா! அம்மாகிட்ட வா!"

உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கூடத்தில் பொம்மைகள் கிடந்தன. முன்கதவு திறந்து கிடந்தது.

ஓடினாள். வீட்டைச் சுற்றி. வேலியில் புடவை கிழிந்தது. முள் கிழித்தது. புளித்த வாடை. சோற்றின் ஆவி. செருப்பு எங்கோ கழன்றது. புதர்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. துப்புரவாகப் பெருக்கியிருந்தது.

நின்றாள்.

எல்லோரும் அங்கே இருந்தார்கள். அரைவட்டமாக. அவளுக்கு முதுகைக் காட்டி. துரை. மகாராணி. முயல்களோடு உரசிக்கொண்டு ஒரு நரி. கோழிகளுக்கு நடுவில் கீரி. ஒன்றும் ஒன்றைச் சீண்டவில்லை. எல்லாம் தலை குனிந்து மென்றுகொண்டிருந்தன. நாய்க்கும் கோழிகளுக்கும் நடுவில், முக்காலியில், மகள்.

"பாப்பா."

மகள் திரும்பவில்லை. எதிரே இருந்த இருட்டைப் பார்த்துச் சமர்த்தாக வாயை அகலத் திறந்தாள். இருட்டு குனிந்தது. வாயை மூடி, மென்று, விழுங்கினாள். மறுபடி திறந்தாள்.

முக்காலிக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பெரியவர் ஒருவர் உட்காரும் அளவுக்கு.

தூரத்தில் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது. கத்தத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

வாய் முழுக்க எச்சில் ஊறியிருந்தது. பசித்தது. அப்படிப் பசித்தது.

டங். டங். டடங்.