கூப்பிட்டால் கேட்கும்

அப்பாவின் மூச்சு இவ்வளவு கிட்டத்தில் கேட்கக்கூடாது. அவர் கட்டில் கூடத்தின் அந்தக் கோடியில், ஆக்சிஜன் மெஷினை ஒட்டி. அவள் மேசை இந்தப் பக்கம், சுவரைப் பார்த்து. ஹெட்போனுக்குள் எவனோ ஒரு வாடிக்கையாளன் கால் சென்டர் பெண்ணைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். இப்படிப் பதிவான தொலைபேசிச் சண்டைகளைக் கேட்டு, பதில் சொன்னவர்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் அவள் படித்த படிப்புக்குக் கிடைத்த உத்தியோகம். அந்தத் திட்டுக்கு அடியில், ஈரமாக, கரகரவென்று, காது மடலை உரசுவதுபோல அந்த மூச்சு.

சரி, மூச்சு விடுகிறார். அது போதுமென்று அடுத்த பதிவைத் திறந்தாள்.

காலையில் புது ஹெட்போனைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, அப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்தபடி சிரித்தார்.

"என்ன பாப்பா, காதுல ரெண்டு கிண்ணத்தைக் கவுத்துக்கிட்ட?"

"உங்க மெஷின் போடுற இரைச்சல்ல ஒரு எழவும் கேக்கலப்பா."

"அப்போ நான் திட்டுனாலும் கேக்காது. நல்லதாப் போச்சு."

"அதெல்லாம் கேக்கும். உர்ர்ருனு ஒரே மாதிரி ஓடுறதைத்தான் அமுக்கும். கூப்பிட்டா கேக்கும்."

பொத்தானை அழுத்தியதும் மெஷினின் உறுமல் துடைத்தெடுத்ததுபோலப் போனது. இரவும் பகலும் மண்டைக்குள் ஓடிய உறுமல். கல் உடைக்கும் ஆலையில் அவர் தூசு தின்று அவளைக் கல்லூரிக்கு அனுப்பியதில் மிஞ்சிய உறுமல். அது ஒழிந்ததும் அவளுக்கு வந்தது, வெட்கங்கெட்ட நிம்மதி.

இப்போது மூச்சு இன்னும் கிட்டத்தில். தாடைக்குப் பக்கத்தில். புழுங்கிய மருந்து வாடையும் சேர்ந்து வந்தது.

திரும்பினாள்.

மெஷினின் பச்சை விளக்கு எரியவில்லை. தளர்ந்த பிளக் சுவரிலிருந்து நழுவித் தொங்கியது. நின்றால் அலற வேண்டிய மணி எப்போதோ பழுதாகியிருந்தது. சத்தம் நின்றால் நமக்கே தெரியாதா என்று சரிசெய்யாமல் விட்டவள் அவள்தான்.

அப்பாவின் வாய் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே, அவள் நாற்காலியை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் நீலம். நெஞ்சு அசையவில்லை.

காதில் மூச்சு. உள்ளே. வெளியே.

கூப்பிட்டிருந்தார். முந்தின பதிவு ஓடும்போது, "பாப்பா" என்று, ஒரு தடவை அல்ல. கேட்டது. தண்ணீராக இருக்கும், கொஞ்சம் பொறுக்கமாட்டாரா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒலியைக் கூட்டினாள். ஹெட்போன்மேல் பழி இல்லை. அது சொன்னபடிதான் வேலை செய்தது.

கதவு திறந்தது. கடைக்குப் போயிருந்த அத்தை பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தன் தம்பியின் கன்னத்தைத் தட்டினாள். உலுக்கினாள். பிறகு இவள் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கித் தரையில் அடித்தாள்.

அது உடைந்து சிதறியது. சத்தமில்லை.

அத்தையின் வாய் பிளந்தது. மூடியது. பிளந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தமில்லை. தெரு இல்லை. மின்விசிறி இல்லை.

மூச்சு மட்டும்.

'அத்தை, உசுரு இருக்கு. கேக்குது அத்தை.' உதடுகள் அசைந்தன. தன் குரலும் இல்லை.

அத்தை அவள் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் கண்களை மூடினாள். போர்வையை இழுத்தாள். நெஞ்சு. கழுத்து. முகம்.

காதுக்குள் மூச்சு மங்கியது. துணியில் முட்டியது. வாய்க்குள் துணி. இழுத்தது. திணறியது. மறுபடி இழுத்தது.

போர்வை துளிகூட அசையவில்லை.