வானம் முன்னால் வந்த படம்

காலை 9.10.

காட்சிக்கூடம் திறக்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. படத்தை நிஜம்போல ஆழத்தோடு காட்டும் பழைய ஸ்டீரியோஸ்கோப் பெட்டிகளின் லென்ஸைத் துடைப்பதும், தளர்ந்த திருகை முடுக்குவதும் லென்ஸ் அக்காவின் வேலை. பாலத்துப் பட அட்டையை எடுத்துப் பெட்டியில் செருகிக் கண் வைத்தாள்.

கிட்டே நிற்க வேண்டிய படகு ஆழத்தில் புதைந்து கிடந்தது. தூரத்து வானம் படகோட்டியின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது.

நேராகக் காப்பாளரிடம் போனாள்.

"சார், அட்டையை மாத்தி வச்சிருக்காங்க. இது நம்ம படமே இல்ல."

அந்தப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் எத்தனையோ வருடமாயிற்று. அதற்கு மிஞ்சியிருந்த ஒரே படம் அது.

காலை 9.50.

இன்ஸ்பெக்டர் வந்தார். அலமாரிக்கு மூன்று சாவி: காப்பாளரிடம் ஒன்று, காட்சிக்கூடத்துப் போட்டோக்காரரிடம் ஒன்று, லென்ஸ் அக்காவிடம் ஒன்று.

"கடைசியா யார் பார்த்தது?"

"நான்தான்," என்றார் காப்பாளர். பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடியே தேநீரைச் சரித்தார். பாதி கோப்பையில், பாதி மேஜையில். "நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு, என் ரெண்டு கண்ணால பார்த்தேன். படகு மூக்குல வந்து இடிச்சுது. அப்புறம் அலமாரியைப் பூட்டினது இவதான்."

"திருடினவளே வந்து சொல்லுவாளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கெட்டிக்காரி. சொல்லுவா."

இன்ஸ்பெக்டர் மேஜையைச் சுற்றிக் காப்பாளரின் வலப்பக்கம் வந்து தோளைத் தொட்டார். காப்பாளர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

இன்ஸ்பெக்டர் லென்ஸ் அக்காவைப் பார்த்தார். "பதினொன்னரைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக ஜீப் வருதும்மா. அதுவரைக்கும் அப்படி உட்காரு."

"உட்கார மாட்டேன் சார்."

"ஏன், நாற்காலி கடிக்குமா?"

"உட்கார்ந்தா ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும். இருபத்திரெண்டு வருஷமா இந்தப் பெட்டிங்களைத் தொட்டுக்கிட்டிருக்கேன். யார் கை வச்சதுன்னு சொல்லாம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். ஜீப்பு காத்துக்கிட்டு நிக்கட்டும்."

ஓரமாக நின்ற போட்டோக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

காலை 10.25.

"முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க," என்றாள். "கட்டை விரலைக் கண்ணுக்கு முன்னாடி நீட்டுங்க. இடது கண்ணை மூடுங்க. இப்ப அதைத் திறந்துட்டு வலது கண்ணை மூடுங்க."

இன்ஸ்பெக்டர் செய்து பார்த்தார். "விரல் குதிக்குதே!"

"விரல் குதிக்கல சார். ஒவ்வொரு கண்ணும் வேற வேற இடத்துல இருந்து பார்க்குது. அதே மாதிரி ரெண்டு லென்ஸ் கேமராவுல ரெண்டு படம் எடுத்து, அட்டையில பக்கத்துல பக்கத்துல ஒட்டுவாங்க. பெட்டி என்ன பண்ணும்னா, இடது படத்தை இடது கண்ணுக்கும் வலது படத்தை வலது கண்ணுக்கும் மட்டும் காட்டும். மூளை ரெண்டையும் சேர்த்து ஆழம் கண்டுபிடிக்கும். ரெண்டையும் இடம் மாத்தி ஒட்டிட்டா கிட்ட இருக்கறது தூரப் போயிடும், தூர இருக்கறது கிட்ட வந்துடும். கையில வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒரே படம் மாதிரிதான் இருக்கும். பெட்டியில போட்டாத்தான் குட்டு உடையும்."

"அப்போ திருடன் மாத்தி ஒட்டிட்டான்."

"ஒட்டினது தப்புன்னு அவனுக்கே தெரியல. போலி அட்டை பண்ற எவனும் ஒரு தடவையாவது பெட்டியில போட்டுப் பார்ப்பான். நான் பண்ணியிருந்தா பத்துத் தடவை பார்த்திருப்பேன். பார்த்தும் அவனுக்குத் தெரியலைன்னா..."

சொல்ல வந்ததை நிறுத்திவிட்டு மேஜையைப் பார்த்தாள். மேஜையில் வழிந்த தேநீர் இன்னும் காயவில்லை.

"சார், அஞ்சு நிமிஷம் குடுங்க."

வேறொரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். அவள் என்ன செய்தாள் என்பதை இன்ஸ்பெக்டர் மட்டும் கூடவே நின்று பார்த்தார்.

காலை 10.40.

"மணிக்கூண்டுப் படம். நல்ல அட்டை. எப்படித் தெரியுதுன்னு சொல்லுங்க."

போட்டோக்காரர் கண் வைத்தார். வைத்த வேகத்தில் தலையைத் தூக்கினார். "என்னக்கா, ஒரு பக்கம் இருட்டா இருக்கு?"

"நீங்க சார்."

காப்பாளர் நிதானமாகக் குனிந்தார். "அற்புதம். மணிக்கூண்டு அப்படியே முன்னால வந்து நிக்குது."

லென்ஸ் அக்கா பெட்டியை வாங்கிக் கவிழ்த்தாள். வலது லென்ஸின் பின்னால் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது.

"உங்க வலது கண்ணுக்குப் பார்வை இல்ல சார். தேநீர் கோப்பைக்கு வெளிய போச்சு. வலப்பக்கம் ஆள் வந்தா திடுக்கிடுறீங்க. ஒத்தைக் கண்ணுக்குப் படகு மூக்குல வந்து இடிக்காது. நேத்து பார்த்தேன்னு சொன்னது பொய். பெட்டியில போட்டுப் பார்த்தும் மாத்தி ஒட்டினது தெரியாமப் போறது உங்க ஒருத்தருக்குத்தான்."

"என் மேல பழி போடறியா?"

"நீங்கதான் என் மேல போட்டீங்க. இன்ஸ்பெக்டர் சார், அசல் அட்டையை மடக்க முடியாது, மடக்கினா விரிசல் விடும். கெட்டி அட்டைக்குள்ளதான் வைக்கணும். காலையிலேருந்து அந்தப் பதிவேட்டை இவர் கீழ வைக்கவே இல்ல. தேநீர் ஊத்தும்போதுகூட."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். பின்னட்டையின் உறைக்குள், மெல்லிய தாளில் சுற்றி, பாலம் இருந்தது.

காப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா இந்த வேலையில வச்சிருப்பாங்களா? துரத்தறதுக்குள்ள ஒண்ணை வித்துட்டுப் போயிடலாம்னு..."

"கண்ணு போனதைச் சொல்லியிருந்தா உங்களுக்காக நானே சண்டை போட்டிருப்பேன்," என்றாள் அவள். "என்னை ஜீப்புல ஏத்தப் பார்த்தீங்க பாருங்க, அதுக்கு மன்னிப்பு கிடையாது."

காலை 11.30.

ஜீப் வந்தது. காப்பாளரை ஏற்றிக்கொண்டு போனது. லென்ஸ் அக்கா அசல் அட்டையைச் செருகி, வலது லென்ஸை ஒரு தடவை துடைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

படகு முன்னால் வந்தது. வானம் தன் இடத்துக்குப் போயிற்று.