ஞானாம்பிகை பெயரில் ஒரு கிடாரம்

மூன்றாவது தரமும் கழுவியாகிவிட்டது. கிடாரத்திலிருந்து சோள வாசம் போகவில்லை.

பச்சைச் சோளத்தின் வாசமல்ல அது. விறகுப் புகையில் நெடுநேரம் கொதித்து, அடியில் கொஞ்சம் பிடித்து, பசியோடு பலபேர் சுற்றி நின்ற வேளையில் கிளம்பியிருக்கக்கூடிய வாசம். புலம்பெயர்ந்து வந்த பனி ஊரில், கோட்-டெ-நெய்ஜில், மூன்றாம் மாடிக் குளியலறை. நூறு பேருக்குச் சமைக்கும் அலுமினியக் கிடாரத்தைத் தொட்டிக்குள் சரித்து வைத்து, முழங்கால் நோக, தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக்கொண்டிருந்தார் சண்முகலிங்கம். வாசம் மூக்கால் அல்ல, தன் நாக்கின் அடியிலிருந்தே வருவதுபோலிருந்தது. சுவருக்குள் வெந்நீர்க் குழாய் டொக் டொக் என்றது. பின்னேரம் நாலரைதான். அதற்குள் யன்னலில் பனி நீலமாகி, சாம்பலாகிவிட்டது.

கைபேசியில் மனைவி வித்தியா. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் அவளுக்குத் தேத்தண்ணி இடைவேளை.

"இன்னுமோ கழுவுறியள்? அங்கை என்ன, கிடாரத்துக்குத் தண்ணி வார்த்துச் சாமத்தியவீடோ?"

"சோளம் மணக்குது."

"அலுமினியம் என்னெண்டு மணக்கும்? கோயில் கிடாரத்தையே எடுப்பம் எண்டு நான் அப்பவே சொன்னனான். அம்மாவின்ரை பேர் வெட்டினதிலைதான் திவசச் சோறு காய்ச்சோணும் எண்டு நீங்கள்தான் ஒற்றைக் காலிலை நிண்டனீங்கள்." பிறகு, "எங்கை வாங்கினது எண்டு இன்னும் சொல்லேல்லை," என்றாள்.

"கடையிலைதான்."

பொய். வாயில் வழுக்கிக்கொண்டு வந்த பொய்.

தந்தவன் டனிஸ்ரன், பழைய உலோகம் இறக்குகிறவன். கிடாரம் வந்தது தென்னமெரிக்காவில் ஒரு மலைநாட்டிலிருந்து. போதைமருந்து காய்ச்சும் கொக்கா இலை விளையும் மலைகள். அரசுக்கும் ஆயுதக்காரருக்கும் நடுவில் ஆதிக்குடிகளின் ஊர்கள். இராணுவம் அந்த ஊர்களுக்குள் புகும், பெரிய பாத்திரம் எது கண்ணில் பட்டாலும் 'கொக்கா காய்ச்சினது' என்று எழுதித் தூக்கிக்கொண்டு போகும். பிறகு அது பழைய இரும்போடு கப்பலேறும்.

"ஆமி பறிச்ச சாமான், அண்ணை. கேள்வி கேட்டால் விலை ஏறும்," என்று சிரித்தபடி படத்தை அனுப்பியிருந்தான்.

சண்முகலிங்கம் யாவாரக் குடும்பத்தில் பிறந்தவர். சாமானைப் பாராதே, விற்கிறவன் முகத்தைப் பார் என்பது அவர்களுக்குப் பாலோடு ஊட்டிய பாடம். அந்தப் படத்தில் விற்கிறவனே இல்லை. இரண்டு சிப்பாய்கள், நடுவே கிடாரம், பின்னால் வரிசையாக மலைப்பெண்கள். விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒட்டிக் காய்ந்த சோளக் கஞ்சி. உள்ளே ஒரு மர அகப்பை. எந்தக் கள்ளக் காய்ச்சலும் அகப்பை போட்டுப் பரிமாறுவதில்லை. ஊருக்குக் கஞ்சி ஊற்றிய கிடாரம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பெரிதாக்கியதில் பக்கத்துப் பெண்ணின் முகமும் திரை நிறைய வந்தது. அந்த முகத்தின்மேல், தகரம் வெட்டிய தழும்புள்ள தன் பெருவிரலை வைத்துப் பொத்திக்கொண்டு, டனிஸ்ரன் தலையைச் சொறியும்வரை விலையைக் குறைத்தார்.

விளிம்பில் ஆணியால் கீறிய ஒரு குருவியும் ஏழு கோடுகளும் இருந்தன. ஊரின் அடையாளம். அதை அராவி அழித்து, அந்த இடத்தில் 'ஞானாம்பிகை' என்று வெட்டினார்.

அம்மாவின் கிடாரத்திலும் அப்படித்தான் வெட்டியிருந்தது. வீடு சோதிக்க வந்த ஆமி அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, அம்மா வெறுங்காலோடு ஒழுங்கை முடியுமட்டும் பின்னால் ஓடினாள். அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு. "மாத்தையா, பேரைப் பாருங்கோ, மாத்தையா, அது எங்கடை கிடாரம்." சிங்களத்தில் 'ஐயா'. ஆமிக்காரனை அப்படித்தான் கூப்பிட வேண்டும். இருபது வயதுச் சண்முகலிங்கம் படலைக்குப் பின்னால் நின்றார். போகவில்லை. சாகும்வரை அம்மா அந்தக் கிடாரத்தைத்தான் கேட்டாள். நாளைக்குப் பத்தாவது ஆண்டுத் திவசம்.

துடைத்துக் கொண்டுபோய்க் குசினி அடுப்பின்மேல் ஏற்றினார். கையை எடுத்தவர், மறுபடி வைத்தார்.

சூடு.

அடுப்பு எரியவில்லை. குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். எரியவேயில்லை. குனிந்து விளிம்பைப் பார்த்தார். அம்மாவின் பெயர், நேற்று ஆழமாக வெட்டிய பெயர், ஆறிய காயம்போல மேவியிருந்தது. முதல் எழுத்தைக் காணவில்லை. அந்த இடத்தில், அலுமினியத்துக்குள்ளிருந்து, ஒரு குருவியின் சொண்டு.

வித்தியாவுக்குச் சொல்லிவிடலாம். கோயில் கிடாரத்தில் காய்ச்சலாம். இதைத் திருப்பி அனுப்ப வழி கேட்கலாம். கைபேசியை எடுத்தார். நாளைக்கு வரும் நூறு பேரும் பந்தியில் அம்மாவின் பெயரை வாசிப்பார்கள் என்று நினைத்தார். கைபேசியைக் குப்புற வைத்தார்.

ஆணியையும் சுத்தியலையும் எடுத்தார். குருவியின்மேல் மறுபடி பெயரை வெட்டத் தொடங்கினார். ஒவ்வோர் அடிக்கும் சூடு ஏறியது. சோள வாசம் குசினியை நிறைத்தது. கடைசி எழுத்தை முடித்து நிமிர்ந்தபோது, வெறும் கிடாரத்துக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம்.

சரக்.

அகப்பை அடியைச் சுரண்டும் சத்தம். ஒன்றுமில்லாத அடியை.

சரக்.

பிறகு வெளியே, நடையில், காலடி. இந்த ஊரில் மார்கழியில் சப்பாத்து இல்லாத காலடி இல்லை. இது வெறுங்கால். ஒன்று. பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. எல்லாம் அவர் வாசலில் வந்து நின்றன.

தட்டவில்லை.

கதவுத் துளையில் கண்ணை வைத்தார். இருட்டு. வெளியே விளக்கு எரிகிறது, கதவின் கீழால் வெளிச்சம் தெரிகிறது. துளையை மட்டும் யாரோ பெருவிரலால் பொத்தியதுபோல.

திறந்தார்.

அயலவரின் பனிச்சப்பாத்துகளை ஒட்டி, படிக்கட்டு வரைக்கும் ஒரு வரிசை. மலைப்பெண்கள். கையில் வெறும் தட்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகமில்லை. ரேகை. சுழி சுழியாக ஒரு பெருவிரல் ரேகை, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரே தழும்பு.

அவருடைய தழும்பு.

முன்னால் நின்றவளுக்கு மட்டும் முகம் இருந்தது. வெறுங்காலில் பனி கரையாமல் கிடந்தது.

"அம்மா."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தாள், சீருடையைப் பார்ப்பதுபோல. இரண்டு கையாலும் அடையாள அட்டையை நீட்டினாள். பின்னால் அத்தனை தட்டுகளும் ஒன்றாக உயர்ந்தன.

"மாத்தையா," என்றாள். "அது எங்கடை கிடாரம், மாத்தையா."